அவர் கை காட்டிய வேகம்

என் கணவர் காந்தலில் எங்கள் வீட்டையொட்டித் தகரக் கொட்டகை போட்டு மர வேலை செய்துவந்தார். பக்கவாதம் வந்ததில் வலது கை, கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அப்போது குன்னூரில் ஒரு வீட்டுச் சமையலறைக்கு அலமாரிக் கதவுகள் செய்கிற வேலை பாதியில் நின்றிருந்தது. பலகை அறுப்பது, உப்புத்தாள் போடுவது எல்லாம் அவரோடு நானும் செய்வேன். ரூட்டர் மெஷினை மட்டும் அவர் என்னிடம் தந்ததில்லை. அந்த வீட்டம்மா வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"வேண்டாமுங்க, நானே முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

மோட்டார் முனையில் பிட் என்கிற வெட்டும் அலகை மாட்டி, பலகையில் பள்ளமும் சரிவும் செதுக்குகிற மெஷின் அது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க, ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்ட சின்னத் திருகு உண்டு. பெரிய பிட்டை மெதுவாகச் சுற்றவிட வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். எவ்வளவு மெதுவாக என்று தெரியாது.

அவரை நாற்காலியோடு கொட்டகைக்குள் கொண்டுவந்து, கம்பளி போர்த்தி உட்கார வைத்தேன். இருப்பதிலேயே பெரிய பிட்டை மாட்டி, பிட் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி மெஷினை மேசைக்கு அடியில் பொருத்தி, சில்வர் ஓக் மரத்துண்டு ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். மெஷின் கிரீச்சிட்டது. மரம் கருகி வாசம் வந்தது. திரும்பினால், அவருடைய இடது கை எழுந்து, உள்ளங்கை கீழே பார்க்க மெல்ல இறங்கியது.

"ஏனுங்க, குறைக்கணுமா?"

மறுபடியும் கை இறங்கியது. ஐந்தில் இருந்ததை இரண்டுக்குக் கொண்டுவந்தேன். கருகல் நின்றது. பலகையை அப்படியே வைத்துவிட்டு அழுதேன்.

அவர் கை காட்டி வேகம் சொன்னதை, மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போனில் சொன்னேன். "சரிங்கக்கா, பாக்கலாம்" என்றாள். அவள் குரல் இறங்கியதை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்து, பள்ளம் எடுக்கிற மெல்லிசு பிட். அதற்கும் அவர் கையை இறக்கினார். வேகத்தைக் குறைத்தேன். மரம் நார்நாராகப் பிய்ந்தது. மழைக்காலம், பலகை ஈரம் வாங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவர் கை இன்னும் இறங்கியது. நானும் இன்னும் குறைத்தேன். நல்ல பலகைகள் வீணாகிக்கொண்டே இருந்தன. திருகை மேலே திருப்பிப் பார்க்க மனம் வரவில்லை. அப்படிச் செய்தால் அவர் சொன்னது தப்பு என்றாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதளாவிலிருந்து நாத்தனார் அண்ணனைப் பார்க்க வந்தாள். சமையலறையில் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பிடியிலிருந்த கை உருவிக்கொண்டு எழுந்து, அதே மாதிரி இறங்கியது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"போன தடவையே பாத்தேனுங்க அண்ணி. தெருவுல பைக் சத்தம் கேட்டாலும் அண்ணன் அப்படித்தான் பண்ணுது."

"ஏன் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது?"

மறுநாள் அவரைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். மெல்லிசு பிட்டுக்கு வேகத்தை ஐந்தில் வைத்தேன். பள்ளம் ஒரு பிசிறு இல்லாமல் விழுந்தது. அது பிய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவுகளைக் கொண்டுபோய் மாட்டினேன். அந்த வீட்டம்மா தடவிப் பார்த்து, வீட்டுக்காரர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போதும் வேலை வருகிறது. எந்தப் பிட்டுக்கு எந்த வேகம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேச்சு இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மத்தியானம் உள்ளே வந்து, மரத்தூளை உதறிவிட்டு, அவருக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். முன்பெல்லாம் கொட்டகையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே ஊட்டுவேன். இப்போது சொல்வதில்லை.