கேப்டனை வென்ற ஆதிமூலம்

ஆதிமூலம் இருபத்தாறு வருஷம் ராணுவத்தில் இருந்தார். அதில் ஒரு நாள்கூடச் சண்டை வரவில்லை. அந்தக் குறையைச் செஞ்சிக்குத் திரும்பி வந்துதான் தீர்த்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் சங்கம் இருந்தது. பழைய தலைவர் காலமானதிலிருந்து ஒன்பது வருஷமாக ஆதிமூலம்தான் பொறுப்புத் தலைவர். சுபேதாராக ஓய்வுபெற்றவரை எல்லோரும் ‘கமாண்டர்’ என்றார்கள்; அவரும் மறுக்கவில்லை. கேரம், கேன்டீன் சரக்கு, மிலிட்டரிக் கதைகள் என்று சங்கம் அமோகமாக நடந்தது.

அப்போதுதான் அவலூர்பேட்டை கோவிந்தராஜ் கௌரவ கேப்டனாக ஓய்வுபெற்று வந்தார். இருவரும் ஒரே ரெஜிமென்ட். ஆனால் அவர் ஆபீசில் பேனா பிடித்தவர். பதவியில் மூத்தவரே தலைவர் என்றது சங்க விதி. அந்த விதியை எழுதியவரும் ஆதிமூலமே.

புதுத் தலைவர் முதல் வாரமே உத்தரவு ஒட்டினார். காலை ஆறு மணிக்கு ஆஜர், முகச்சவரம் கட்டாயம், கேரம் கூடாது.

“இன்னா கமாண்டரே, பென்ஷன் வாங்கியும் பரேடா?” என்று முட்டியைத் தேய்த்தபடி கேட்டார் தங்கராஜ்.

“கேப்டன் உத்தரவு. நான் இன்னா பண்றது?” என்று ஆதிமூலம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சுதந்திர தினத்தன்னிக்கு அவரு ‘சாவ்தான்’னு கத்துவாரு. நான் குரல் குடுக்குற வரைக்கும் ஒருத்தனும் காலைச் சேக்கக் கூடாது.”

ஆகஸ்ட் பதினைந்து, பள்ளி மைதானம். கஞ்சி போட்ட உடுப்பில் நின்று, “சாவ்தான்!” என்று அட்டென்ஷனுக்கு முழங்கினார் கோவிந்தராஜ். இருபத்திரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றார்கள். இரண்டாவது தடவை அவர் குரல் பிசிறியது. மூன்றாவது தடவை பிள்ளைகள் சிரித்தார்கள். போட்டோ எடுக்க மொபைலைத் தூக்கியிருந்த அவர் மனைவி ஜானகி, மெல்லக் கையை இறக்கினார்.

ஆதிமூலம் அதைப் பார்த்துவிட்டார். திட்டப்படி அவர் அப்போது கர்ஜிக்க வேண்டும். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கோவிந்தராஜ் தாமே கொடியேற்றி, சல்யூட் அடித்துவிட்டு நடந்தார். மறுநாள் அவருடைய ராஜினாமா மூன்று பிரதிகளில் வந்து சேர்ந்தது.

மறுபடி தலைவரான ஆதிமூலத்துக்கு மாலையும் சால்வையும் விழுந்தன. இரண்டே வாரத்தில் மாடி காலியாயிற்று. கேப்டனைத் திட்டுவதற்காகவே தவறாமல் வந்தவர்கள் வீட்டில் டிவி பார்க்கத் தொடங்கினார்கள். வெகுண்ட ஆதிமூலம், காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு ஒட்டினார். தங்கராஜ் மட்டும் வந்தார், அதுவும் கீழே பால் வாங்க வந்த இடத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிமூலம் அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினார். கோவிந்தராஜ் லுங்கியுடன் வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கி அவங்களைத் தடுத்தது நான்தான் சார்.”

“தெரியும்யா.”

“திரும்பி வாங்க. சங்கமே படுத்துடுச்சி.”

“வேணாம்பா. மல்லாட்டை சொல்லாமலே வரிசையா காயுது. சாப்டியா?”

ஜானகி இலை போட்டார். சோறும் குழம்பும் வைத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. ஆதிமூலம் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.