காலியாக வந்த டப்பா

பல் செட் செய்கிறவளுக்கு அருவருப்பே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யார் யார் வாயிலிருந்தோ எடுத்த அச்சுகள் எச்சில்கூடக் காயாமல், சில சமயம் ரத்தப் பொட்டோடு அவள் மேசைக்கு வந்து சேரும். கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றுவாள். அச்சுகள் ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்க, இவள் பாட்டுக்கு டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் முகத்தைச் சுளித்தால், "பழகிடும்மா" என்பாள்.

வீடுதான் அவளுக்குப் பழகவில்லை.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. இரண்டரை வயதுச் சின்னவள் வயிறு கெட்டுப்போய்ப் படுக்கையை நாசம் பண்ணியிருந்தாள். விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினால், அங்கே கணவன் ஷேவ் செய்துகொண்டிருந்தான். வாஷ்பேசின் முழுக்க நுரையும் மயிருமாக ஒட்டிக் கிடந்தது.

"இன்னிக்கு நீ லீவு போடேன். இவளைக் காப்பகத்துல வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க. போன தடவை நான்தானே போட்டேன்?"

"ஐயோ, இன்னிக்கா? பத்து மாடிக் கட்டடம், லிஃப்ட் நின்னு கிடக்கு. நான் போகலேன்னா அத்தனை பேரும் படியேறணும்."

"ஏறட்டுமே. கால் நல்லாத்தானே இருக்கு."

அவன் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தான். ஈரத் துண்டைப் படுக்கை மேல் வீசிவிட்டுக் கிளம்பிப் போனான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெரியவள் அவளாகவே தலை சீவி, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேன் ஏறினாள். மூன்று வாரமாக அவளால் ஒரு தொல்லையும் இல்லை. முன்பெல்லாம் சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் பாதி அப்படியே இருக்கும், வீடு ரெண்டுபடும். இப்போது தினமும் டப்பா சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல வருகிறது. அந்த வீட்டில் அம்மாக்காரி ஜெயித்தது அது ஒன்றுதான்.

பிரச்சினை வேறு. நாலைந்து நாளாக வீட்டில் ஒரு நாற்றம். இனிப்பும் புளிப்புமாக, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் நாற்றம். கணவனைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்கு மூக்கு ஜாஸ்தி" என்று முடித்துவிடுவான். பத்து மணிக்குக் கீழ்வீட்டு அக்காவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தாள்.

"தப்பா நினைக்காதேம்மா. எலி கிலி செத்துக் கெடக்கா பாரு. எங்க வீட்டு ஜன்னலைத் திறக்க முடியல."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. உடனே பிளம்பருக்கு போன் போட்டாள். அவர் வந்து சிங்க்குக்கு அடியில் குழாயைக் கழற்றி, கறுப்பாகக் கொழகொழவென்று எதையோ கயிறு மாதிரி உருவி வெளியே போட்டார். சின்னவள் அதைத் தொடப் போனாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதும் மறுபடி கழிந்துவைத்தாள். புடவை முழுக்க வழிந்தது. அப்போதும் அந்த நாற்றம் போகவில்லை.

"அக்கா, இருபது வருஷமா சாக்கடையோட குடித்தனம் பண்றவன் நான்," என்றார் பிளம்பர். "இது சாக்கடை நாத்தம் இல்ல. கெட்டுப்போன சாப்பாடு." மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தவர் பிள்ளைகளின் அறை வாசலில் நின்றார். "இங்கேருந்துதான் வருது. இதுக்கு மேல உங்க பாடு."

துணி அலமாரியின் அடித்தட்டில், சின்னவளுக்குச் சேராமல் போன உடுப்புகளைப் போட்டுவைத்திருந்த பை. வாயைப் பிரித்ததும் முகத்தில் அறைந்தது. நோட்டுத் தாளிலும் பிளாஸ்டிக் பையிலும் சுற்றிய பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தாள். பச்சையாகப் பூத்த ரொட்டி, நீர் விட்ட முட்டை, அதில் நெளிகிற புழுக்கள். இன்னொன்றிலும் அதே. எல்லாம் அவள் விடியற்காலையில் எழுந்து செய்து கொடுத்தவை.

குனிந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். சின்னவள் கை தட்டி, "அம்மா உவ்வே! அம்மா உவ்வே!" என்று குதித்தாள்.

பொட்டலங்களை அவள் தூக்கிப் போடவில்லை. பால்கனியில் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தாள். வரட்டும் மகாராணி என்று பல்லைக் கடித்துக்கொண்டு துணி துவைத்தாள், தரையைத் தேய்த்தாள்.

மூன்றரைக்குப் பெரியவள் வந்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப் போனாள். "அப்போ இது என்னடி?"

பெண் அழவில்லை. பொட்டலங்களைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"வேணாம்னா ஸ்கூல்லயே குப்பையில போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"மிஸ் பார்த்தா உனக்கு போன் பண்ணுவாங்க."

"பண்ணா என்ன? கடிச்சா தின்னுடுவேன்?"

"அன்னிக்கு மாதிரி வாயைப் புடிச்சு அமுக்குவே." குரல் மெல்ல வந்தது. "எனக்கு வாந்தி வந்துச்சு. அப்பவும் நீ விடல."

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த நாளை அவள் மறக்கவில்லை. 'கொஞ்சம் கண்டிப்பா ஊட்டினேன்' என்று கணவனிடம் சொன்னதோடு முடித்திருந்தாள். இப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. வேலை முடிந்து வந்த களைப்பு. ஆறிப்போன முட்டை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கன்னத்தின் இரண்டு பக்கமும் அழுத்திய அழுத்து. தாடையை எங்கே பிடித்தால் வாய் திறக்கும் என்பது தாடை அச்சுகளைக் கையாண்டே அவள் தெரிந்துகொண்டது. பிள்ளை குமட்டிக் கக்கியதையும் கரண்டியால் வழித்து மறுபடி உள்ளே தள்ளியிருந்தாள்.

காலையிலிருந்து தொட்ட மலம், மயிர், புழு எதுவும் அவளுக்கு இந்த அளவுக்கு அருவருக்கவில்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"மத்தியானம் பட்டினியா கிடந்தியா?"

"பக்கத்துல உட்கார்ற பொண்ணு பாதி தருவா."

"இனிமே வாயைப் பிடிக்க மாட்டேன்," என்றாள். பெண் செய்தித்தாள் விரித்த இடத்தைக் காட்டினாள். "இதை நானும் கழுவணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம். நீ உள்ள போ."

சாயங்காலம் கணவன் வந்ததும் ஒளிக்காமல் சொன்னாள். "அன்னிக்கு நான் ஊட்டல. வாயைப் பொளந்து திணிச்சேன். கக்கினதையும் சேர்த்து."

"விடு. பெத்தவங்க எல்லாரும் பண்றதுதான்," என்று அவன் தோளைத் தட்டினான்.

அந்தக் கையை அவள் தட்டிவிட்டாள். "அப்படிச் சொல்லாதே. கேக்கவே நாறுது."

மறுநாள் டப்பா பாதி சாப்பாட்டோடு வந்தது. பெரியவள் அதை மறைக்காமல் சமையல் மேடையில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அம்மாவின் கையையே பார்த்தாள். அம்மா மிச்சத்தைக் கொட்டிவிட்டு டப்பாவைத் தேய்த்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். பெண் ஒரு மாதம்வரை அந்த இரண்டடியை விட்டுக்கொடுக்கவில்லை.