அறுக்காத கிட்டார்

உத்திரமேரூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் நிஷா சர்ச்சில் வாசிக்கும் உள்ளே கூடான பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஓயாமல் இரைந்தது. கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப்பையும் அதன் வயரையும் தானே மாற்றப்போவதாகச் சொன்னாள்.

"முதுகை அறுத்தாத்தான் வயர் உள்ள போவும். மோட்டார் கட்றவளுக்கு இது இன்னா தெரியும்?" என்று சிரித்தார் சர்ச் செயலாளர் எபினேசர்.

பழைய பிக்கப்பைக் கழற்றி, முகப்பின் வளைந்த துளை வழியே அதன் வயரை உருவினாள். புதிய பிக்கப்பின் வயரோடு சேர்ந்த வால்யூம் குமிழை அதே வழியில் இறக்கி, அதன் தண்டில் முடிந்த பூ நூலைப் பிடித்து, குமிழ் நிற்கவேண்டிய ஓட்டை வழியே மேலே இழுத்தாள். இரண்டு முறை முடிச்சு நழுவியது. மூன்றாம் முறை, காயிலுக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். நழுவவில்லை.

ஞாயிறன்று இரைச்சலே இல்லை.

"எந்தக் கடையில அறுத்த?" என்றார் எபினேசர்.

நிஷா கிட்டாரைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோட்டார் கட்றவ வேலைண்ணா. எங்க அறுத்துக்கீதுன்னு நீயே தடவிப் பாரு."