கை கொடுத்து இறக்கிவிடுகிறவள்

"மூச்சை இழுங்க... அப்படியே புடிங்க... ம், விடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் நாளொன்றுக்கு நாற்பது தடவையாவது சொல்லிவிடுகிறாள். இதைச் சொல்ல ஸ்கேன் எந்திரத்துக்குள்ளேயே ஒரு குரல் உண்டு. விமானம் கிளம்பப்போவதை அறிவிப்பதுபோல் அது பேசும். படுத்திருப்பவர் நிஜமாகவே கிளம்பிவிட்டோமோ என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அதனால் அதன் வாயை அடைத்துவிட்டு இவளே பேசுகிறாள். ஸ்கேன் சென்டரில் இவளுக்கு மூச்சக்கா என்று பெயர். படம் முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள், மேசைக்குப் பக்கத்தில் நிற்பாள், "மெதுவா எந்திரிங்க" என்பாள்.

வதந்தி இங்கேதான் பிறக்கிறது. மூச்சக்கா சும்மா நின்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கை கொடுத்து இறக்கிவிட்டால் ஆள் காலி. ரிப்போர்ட் வர ஒரு நாள் ஆகும், அந்தக் கை அப்போதே சொல்லிவிடும். காத்திருக்கும் கூடத்தில் பன்னிரண்டு இரும்பு நாற்காலிகள். உள்ளேயிருந்து யார் வந்தாலும் பன்னிரண்டு ஜோடிக் கண்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: கொடுத்தாளா?

நிஜமா என்று விசாரித்தால் வாசல் காவலாளி கணக்கோடு நிற்கிறார். "போன மாசம் ஏழு பேருக்குக் கை கொடுத்தாங்க. ஏழு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்க." கை கொடுக்காதவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்றால், "அதை யாரு எண்ணுனா?" என்கிறார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாயிற்று. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கை கொடுக்கிறாள். வெறும் வயிற்றோடு வந்து தலை சுற்றுகிறவர்களுக்குக் கொடுக்கிறாள். மேசைக்குக் கீழே இருக்கும் படிக்கட்டுப் பலகைக்கு ஒரு கால் குட்டை. அதை மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் மேலிடம் அசையவில்லை, பலகைதான் அசைகிறது. மொத்த ரகசியமும் இவ்வளவுதான். ஆனால் பயத்துக்குப் பலகையின் கதை எடுபடாது. தோள் புடைத்த ஓர் இளைஞன், நீட்டிய கையைக் கண்டதும் தேளைக் கண்டவன்போல் விலகி, ஒரே குதியாகக் குதித்தான். கணுக்கால் பிசகிவிட்டது. "வயித்துக்குப் படம் எடுக்க வந்தவரு, காலுக்கும் சேத்து எடுத்துட்டுப் போறாரு" என்றபடி மூச்சக்கா அவனைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

நடுங்குகிறவர்களுக்கு அவளிடம் ஒரு குட்டிப் பாடம் உண்டு. "எக்ஸ்ரேன்னா நிழல்தான். சுவத்துல கை நிழல் விழுதுல்ல, அந்த மாதிரி எலும்போட நிழல். சி.டி.ங்கறது அதே வேலையச் சுத்திச் சுத்திச் செஞ்சு, ரொட்டி பாக்கெட்டு மாதிரி உங்களத் துண்டு துண்டா காட்டும். வெட்டாமலே. அல்ட்ரா சவுண்டுல கதிரே கிடையாது. சத்தத்த உள்ள அனுப்பி எதிரொலிய வாங்கும், ஜில்லுனு பசை தடவுவாங்க. எம்.ஆர்.ஐ. காந்தம். அதுலயும் கதிர் இல்ல. ஆனா உடம்புக்குள்ள பேஸ்மேக்கரோ இரும்போ இருந்தா முன்னாடியே சொல்லிடணும். சத்தம் மட்டும் எங்க வீட்டுக்காரர் தும்முற மாதிரி இருக்கும்." ஊசியில் மருந்து ஏற்றுவதானால் இன்னொரு வரி சேரும்: "உடம்பெல்லாம் சூடு பரவும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். போயிருக்க மாட்டீங்க. நான் பொறுப்பு."

"ரிசல்ட்டு?" என்று கேட்டால் மட்டும் பாடம் முடிந்துவிடும். "அதை டாக்டர் பாத்து எழுதுவாரு. நான் படம் புடிக்கிறவ, படிக்கிறவ இல்ல." சொல்வது சட்டப்படி சரி. ஆனால் இருபது வருஷம் பார்த்த கண் தானாகவே கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அரைகுறைப் படிப்பு. முழுசாகத் தெரியாது, தெரியாமலும் இருக்காது. அவளுடைய பயமெல்லாம் அந்த அரைகுறையில்தான் குடியிருக்கிறது.

போன வாரம் அவளுடைய நாத்தனாரே வந்து சேர்ந்தாள். கணவனின் அக்கா. இரண்டரை மாத இருமல், எக்ஸ்ரேயில் ஏதோ மங்கலாகத் தெரிய, நெஞ்சுக்கு சி.டி. எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம்.

"என்னடி படக்காரி. கல்யாண ஃபோட்டோவுல என் தலைய வெட்டிட்டாங்க. நீயாவது முழுசா எடு."

"இது நெஞ்சுக்கு மட்டும்தான் அண்ணி. தலை வராது."

"இங்கயும் இல்லியா! வெளிய என்னமோ சொல்றாங்க உன்னப் பத்தி. எங்கிட்ட மட்டும் கைய நீட்டுன, கடிச்சிருவேன்."

வாய் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, கீழே விரல்கள் அங்கியின் நாடாவைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டிருந்தன.

மேசை உள்ளே போயிற்று. மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள். திரையில் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வலது நுரையீரலின் மேல் பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை. பழைய சளியின் தழும்பாக இருக்கலாம். என்றோ வந்து ஆறிப்போனதாக இருக்கலாம். ஒரு புள்ளியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! அதையே இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏறவில்லை. இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஏதோ கண்ணை உறுத்திற்று. நாத்தனாரின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பிறந்ததிலிருந்து யார் சொல்லையும் கேட்காதவள், சொன்னதைத் தட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"விடுங்க அண்ணி! விடுங்க, விடுங்க!"

வெடித்து வந்த இருமல் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

"மைக்கு கட்டாயிடுச்சு அண்ணி."

"மைக்கா?" என்றாள் நாத்தனார். கண் மூச்சக்காவின் முகத்திலேயே நின்றது.

மேசையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டாள். பலகை கீழே ஆடிக்கொண்டிருந்தது. கை கொடுத்தால் பயத்திலேயே பாதி உயிர் போகும். கொடுக்காவிட்டால் விழுந்து இடுப்பு போகும். மூச்சக்கா பலகையைத் தன் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒளிச்சு வெச்சிருக்கறதப் பாத்தா அதைவிடப் பயமா இருக்குடி. கொண்டா கைய."

கையைப் பிடித்து இறங்கிய நாத்தனார், உடை மாற்றும் தடுப்புக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பதினோரு வருஷம் முன்னாடி, என் கடைசிப் பிள்ளைய உன் கையிலேருந்து பிடுங்குனேன்ல."

எட்டுப் பேர் பார்க்கப் பிடுங்கியது. கதிரில் நிற்கிறவள், ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சொல்லிப் பிடுங்கியது. சுவிட்சை அணைத்த பிறகு விளக்கு வெளிச்சம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமா, அதுபோலத்தான் இதுவும் என்று மூச்சக்கா விளக்கியதை அன்றைக்கு ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டுக் குழந்தையையும் கையில் வாங்குவதில்லை, தள்ளி நின்று சிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

"அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. எனக்குத் தெரியும். இப்ப கேக்க மாட்டேன், போகப் போறவ கேக்கற மாதிரி ஆயிடும். நாளைக்கு ரிப்போர்ட்டு நல்லபடியா வந்தாலும் கேக்க மாட்டேன், பழையபடிதான் பேசுவேன். வேற மாதிரி வந்தா, வந்து கேட்டுக்கறேன்."

"கேக்காதீங்க அண்ணி" என்றாள் மூச்சக்கா. "கேக்கவே கேக்காதீங்க. பாக்கியாவே இருக்கட்டும்."

திரை விலகியது. நாத்தனார் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பட்டன்கள் எல்லாம் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் கழுத்துக்கு ஏறி, மறுபக்கம் இடுப்புக்கு இறங்கிக் கிடந்தது சட்டை. அவளுக்கு அது தெரியவில்லை. வெளியே அடுத்த ஆளின் டோக்கனை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். மூச்சக்கா அவள் முன்னால் குந்தி, அடியிலிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.