தண்ணீர் பிடிக்க நிற்கும் ரயில்

செல்லாயி அதுவரை முழு வானத்தைப் பார்த்ததில்லை. லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வயசுக்கு வந்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்டு, அங்கேயே பால் வெட்டிக்கொண்டிருந்தவள். ரப்பர் மரங்கள் விட்டுவைத்த இடுக்குகளில் தெரிந்த நீலத் துண்டுகள்தான் அவளுக்கு வானம். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்?

அப்பேர்ப்பட்டவள் வடக்கே அலோர் ஸ்டார் டவுன் வரை கிளம்பியது ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது ஆடி மாதம். மகள் இராசாத்திக்குக் காய்ச்சல் தூக்கித் தூக்கி அடித்தது. கொய்னா மாத்திரை தேடி டவுனுக்குப் போன புருஷனை, பாசார் வாசலிலேயே மடக்கி லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். அவன் வீட்டை விட்டுப் போனபோது பிள்ளை கண் செருகிக் கிடந்தது. அப்புறம் எந்தச் சாமி கண் திறந்ததோ, காய்ச்சல் தானாக இறங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு கேட்டது. அப்பன்காரனுக்கு அது தெரியாது. பிள்ளை செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டே அவன் சயாம் போய்ச் சேர்வான் என்பதைத்தான் செல்லாயியால் தாங்க முடியவில்லை.

பிடிபட்டவர்களைச் சுங்கைப்பட்டாணியில் அடைத்து வைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ரயில் ஏற்றுகிறார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி காதைக் கடித்தார். சுங்கைப்பட்டாணியில் ஈ காக்கை நெருங்க முடியாது. ஆனால் அலோர் ஸ்டாரில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும், வேலி ஓரமாக நின்று நாலு வார்த்தை பேசலாம். இது போதாதா செல்லாயிக்கு? பிள்ளையைப் பக்கத்து வீட்டு அழகம்மாவிடம் விட்டாள். கூலிம் வரைக்கும் நடந்தாள். கரிப்புகையில் ஓடும் விறகு லோரி ஒன்றின் சீன டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி மேலே ஏறிக்கொண்டாள்.

விறகுக்கு மேல் ஏற்கெனவே ஒருத்தி, முக்காடு போட்டபடி உட்கார்ந்திருந்தாள். பெயர் சம்சியா. கூலிமில் டீக்கடை வைத்திருந்தவரின் வீட்டுக்காரி. அவள் புருஷனையும் அதே வாரம் அதே மாதிரி அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். செல்லாயியைவிடப் பத்து வயது மூத்தவள். சின்ன வயதில் அலோர் ஸ்டாரில் மாமா வீட்டில் வளர்ந்தவள். லோரி நாலு குலுக்கல் குலுக்குவதற்குள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

"ஒங்க வூட்டுக்காரரு பேரு என்னா புள்ள?"

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டியவன் பேரைச் சொல்வதாவது! "மயிலு மேல வருவாருல்ல, வேலு வச்சிருப்பாரே."

"முருகனா?"

"மரியாத சேத்துச் சொல்லுக்கா."

"ஓ, முருகையாவா!" என்று சம்சியா சிரித்தாள். தன் முறை வந்தபோது அவள் வாயும் ஒட்டிக்கொண்டது. "எங்க ஆளுக பேரு ஒனக்கு எங்க வெளங்கப்போவுது, விடு லா," என்று தப்பித்துக்கொண்டாள்.

குரூண் தாண்டியதும் ரப்பர் மரங்கள் சட்டென்று முடிந்துபோயின. விடிந்துகொண்டிருந்தது. செல்லாயி பயந்துபோய் சம்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கு பார்த்தாலும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், வானத்துக்குள் குனிந்து நின்று எதையோ நட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண்கள். ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. தூரத்தில் ஒற்றை மலை ஒன்று படுத்த யானையைப் போலக் கிடந்தது.

"இது என்னக்கா, கடலா?"

"கடலா! வயலுடி. இதான் நெல்லு."

செல்லாயி வாயைப் பிளந்தாள். அரிசி என்றால் அவளுக்குத் தோட்டத்துக் கடையில் அளந்து போடுவது. ஒன்றரை வருஷமாக அதுவும் இல்லை. கிழங்குதான் மூன்று வேளையும். இந்தப் புல்லா அது? இத்தனையுமா? "இம்புட்டையும் யாருக்கா திங்கிறா?" என்று கேட்டாள். சம்சியா ரோட்டோரம் போன ஜப்பான் லோரிகளைக் காட்டினாள்.

அலோர் ஸ்டார் ஸ்டேஷனில் சிப்பாய் ஒருவன் உள்ளே விடாமல் விரட்டினான். தமிழ்க்கார போர்ட்டர் ஒருவர்தான் பின்னாலேயே வந்து, "இங்கன நிக்காதீங்கம்மா. இப்ப கடிகாரமெல்லாம் ஜப்பான் மணிதான், அதுல நாலுக்குத்தான் வண்டி. தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட வேலி ஓரமா வந்துருங்க," என்று சொல்லிவிட்டு நழுவினார்.

ஒரு பகல் முழுக்கக் கையில் இருந்தது. "வா, ஊரக் காட்டுறேன்," என்றாள் சம்சியா.

"புருஷன் இரும்புப் பொட்டியில வாறாரு, நான் வேடிக்க பாக்குறதாக்கா?"

"குந்தி அழுதாலும் வண்டி நாலுக்குத்தான் வரும். கண்ணத் தொறந்து பாரு. பாக்குறதுல பாவமில்ல."

டவுனில் விறைப்பாக நிற்பவன் எவனைக் கண்டாலும் குனிந்து கும்பிடு என்று கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார். செல்லாயி ஒரு குறையும் வைக்கவில்லை. பாலத்துச் சிப்பாய்க்குக் குனிந்தாள். மலாய் போலீஸ்காரனுக்குக் குனிந்தாள். தபால் ஆபீஸ் வாசலில் கண் கூசும் வெயிலில் சிவப்பாக, குண்டாக நின்ற தபால் பெட்டிக்கும் இடுப்பு வலிக்கக் குனிந்து எழுந்தாள். சம்சியா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று இருவருக்குமே ஆச்சரியமாக இருந்தது.

பெரிய பள்ளிவாசலைப் பார்த்ததும் செல்லாயியின் கால் அப்படியே நின்றுவிட்டது. மனுஷன் கட்டியதா இது? வெள்ளைச் சுவருக்கு மேலே கன்னங்கரேலென்று குவிமாடங்கள், வானத்தைத் தாங்கிக்கொண்டு. சம்சியா உள்ளே தொழப் போனாள். வாசலில் நின்ற செல்லாயிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் சாமியை நினைத்து அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இவ்வளவு பெரிய வீட்டில் இருக்கிற சாமிக்குத் தன் ஒரு வார்த்தை எட்டாமலா போகும் என்று நினைத்தபோது கண் தளும்பியது.

எதிரே சுல்தான் கொலு இருக்கும் மரமண்டபம். பக்கத்தில் அரண்மனை மேளம் மட்டுமே குடியிருக்கும் மஞ்சள் கோபுரம். மேளத்துக்கு மூன்று மாடி வீடா! தோட்டத்து லய வீட்டில் ஒரே அறையில் ஏழு பேரோடு படுக்கிறவளுக்கு அது நெடுநேரம் ஜீரணமாகவில்லை. மேலே ஜப்பான் கொடி பறந்துகொண்டிருந்தது. இத்தனை பெரிய ராஜாவையே அடக்கி வைத்திருக்கிறவன் தன் புருஷனை எங்கே விடப்போகிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது.

ஆற்றோரத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் சீனி இல்லாத காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி உள்ளே பார்த்து, "டேய் கவுஸு, தண்ணி கொண்டாடா!" என்று கத்தினார். சம்சியா விருட்டென்று திரும்பியதில் காப்பி மடியில் சிந்தியது.

"என்னக்கா?"

"அதான்," என்றாள் சம்சியா. "அந்தப் பேருதான்."

வேலி ஓரத்துக்கு அவர்கள் வந்து நெடுநேரம் கழித்தே ரயில் வந்தது. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகள். கதவுகளை ஒரு சாண் திறந்து சங்கிலி போட்டிருந்தார்கள். அந்த ஒரு சாணில் விரல்கள், மூக்குகள், கண்கள். முழு முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எஞ்சின் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது.

செல்லாயி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கப்படி அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க! ஏங்க!"

ரயில் முழுக்கப் பதில் சொன்னது.

"ஏ புள்ள!" "இந்தா இருக்கேன்டி!" "யாரு, மருதம்மாளா?" "வந்துட்டியா தாயி!" பெட்டி பெட்டியாகக் குரல்கள். இரும்புச் சுவரில் கைகள் தட்டின. அத்தனை ஆண்களும் அவரவர் பெண்டாட்டிதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். இத்தனை பேரையும் எங்கோ ஒருத்தி இப்படித்தான் "ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். செல்லாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இதில் தன்னுடையவன் எவன்?

பேரைச் சொல்ல வாயெடுத்தாள். நாக்கு எழவில்லை. பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். அதைச் சோதித்துப் பார்க்க இந்த நாள்தானா கிடைத்தது?

"லூனாஸ் முருகையா!" பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. சம்சியா. "முருகையா! லூனாஸ் முருகையா எங்க?"

நடுப்பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. "இங்க! இங்க இருக்கேன்!"

செல்லாயி ஓடினாள். "புள்ள பொழச்சிக்கிச்சுங்க! எந்திரிச்சு ஒக்காந்துட்டா! கெழங்கு கேக்குறா!"

உள்ளே ஓர் ஆண் ஓவென்று அழுவது கேட்டது. "முருகையா மவ பொழச்சிக்கிச்சாம்டா!" என்று யாரோ கத்த, அடுத்த பெட்டிக்கு அது தாவி, முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் ஒரு பிள்ளைக்காக இரும்பைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

இப்போது செல்லாயியின் முறை. "கூலிம் கவுஸு! டீக்கடை கவுஸண்ணே!" ஒவ்வொரு பெட்டியாகக் கத்திக்கொண்டே போனாள். பதில் இல்லை. கடைசிப் பெட்டியிலிருந்து மட்டும் ஒரு பெரியவர் குரல் வந்தது. "அந்தப் பேருல இங்க யாருமில்ல தாயி. போற எடத்துல இருந்தா சொல்லிடுறேன். என்னா சொல்லணும்?"

செல்லாயி வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றுமில்லை. விடிந்ததிலிருந்து தன் பிள்ளை, தன் புருஷன் என்று தன் பாட்டையே பாடியவள், நீ என்ன சொல்ல வந்திருக்கிறாய் என்று சம்சியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். சம்சியா தூரத்தில் நின்றுவிட்டிருந்தாள். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறித்திருந்தான். ரயில் அசைந்தது.

"சம்சியா வந்திருந்துச்சுன்னு சொல்லுங்க!" வேலியோடு ஓடிக்கொண்டே செல்லாயி கத்தினாள். "கூலிம் சம்சியா! பகலெல்லாம் காத்துக் கெடந்துச்சுன்னு சொல்லுங்க!"

ரயில் வயல்களுக்குள் போய் மறைந்தது. செல்லாயி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்திருந்த சம்சியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ என்னக்கா சொல்ல வந்தே?" என்று கேட்டாள்.