கிடாய் உங்களுக்குத்தான், ஆள் எங்கே?

வாட்ஸ்அப் ஏலத்தில் ஆடு விற்பது ஒரு வேலையே இல்லை. ஏலத்தில் ஜெயித்தவனை ஆட்டைப் பிடிக்க வரவைப்பதுதான் வேலை.

இதைப் படிக்கிறவர்களில் பழைய டிராக்டரோ, புறாவோ, நாய்க்குட்டியோ போனில் ஏலம் விட்டவர்கள் இருப்பீர்கள். "உங்களுக்குத்தான் விழுந்திருக்கு" என்று மெசேஜ் போட்டுவிட்டு, அவன் படித்துவிட்டான் என்று காட்டுகிற இரண்டு நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

நான் கோவில்பட்டியில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் புதூர்ப் பக்கம். போன வருஷம் வேம்பூர் இனத்துச் செம்மறிக் குட்டி ஆறு வாங்கினேன். வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு. பக்ரீத்துக்கு விற்கலாம் என்று வளர்த்தேன். குட்டி வாங்கின காசு, என் வீட்டுக்காரி பாக்கியத்தின் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்த காசு. பக்ரீத் கழிந்து பத்தாம் நாள் கெடு. திருப்பாவிட்டால் சங்கிலியை ஏலம் விடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. ஆறும் பண்டிகை விலைக்குப் போனால் சங்கிலி வீட்டுக்கு வரும். பண்டிகை தாண்டினால் கறி விலைதான். அவ்வளவுதான் கதை.

சந்தைக்குக் கொண்டுபோயிருக்கலாம். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எவன் விரலையோ நான் ஏன் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கொழுப்பு. கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிற ஒருவர் ஆட்டு ஏலத்துக்கென்று குரூப் நடத்துகிறார். அவர்தான் அட்மின். என்னையும் சேர்த்துவிட்டார். போட்டோ, வீடியோ, எடை போட வேண்டும். ஒரு ஞாயிறுக்கு ஒருவர் ஒரு கிடாய்தான் போடலாம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் தொகை கடைசியாக நிற்கிறதோ அவருக்குக் கிடாய். இரண்டு நாளில் பாதிப் பணம் கட்ட வேண்டும். விதி எழுதிப் போட்டிருக்கிறார்கள். எழுதினதோடு சரி.

முதல் வெற்றி

முதல் கிடாய் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு விழுந்தது. ஜெயித்தவர் கோயம்புத்தூர்க்காரர். விளாத்திகுளத்துக்காரர் ஒருவரோடு கடைசி ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டி, ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றி, விடாமல் நின்று வாங்கினார். பாக்கியம் சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாள். மறுநாள் போன் போட்டேன். எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலாம் நாள் பாக்கியம் போனில் இருந்து போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

பணம் எப்போது வரும் என்றேன். எந்தப் பணம் என்றார். கிடாய் என்றேன். ஓ, அதுவா என்றார். வண்டி வாடகைக்கு யோசிக்கிறாரோ என்று நினைத்து, பாதி நான் போடுகிறேன் என்று இறங்கி வேறு வந்தேன். மனிதர் சிரித்தார். இவர் தட்டிவிட்ட விளாத்திகுளத்துக்காரர் அதற்குள் வேறு இடத்தில் ஆடு பிடித்துவிட்டார். அதையும் சொன்னேன். கொஞ்சமாவது உறைக்க வேண்டுமே. கூச்சமே இல்லாமல் பதில் வந்தது:

"அட, நாங்க சைவமுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலமானா பொழுது போறதில்லீங்க, அதான் கேக்கறது."

தினம் ஒரு வீடியோ

இரண்டாவதை எடுத்தவர் சென்னை. இவர் போனை எடுத்தார், மரியாதையாகப் பேசினார், ஐயா என்றார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன். அடுக்குமாடி வீடாம், ஆடு கட்ட இடம் இல்லையாம். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வண்டி அனுப்புகிறேன், அதுவரை உங்களிடமே நிற்கட்டும், பணம் மொத்தமாகத் தருகிறேன் என்றார். தினம் ஒரு வீடியோ மட்டும் வேண்டுமாம். அனுப்பினேன். பருத்திக்கொட்டை தின்கிறது, அகத்திக்கீரை தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, முட்ட வருகிறது. கோடையில் எங்கள் பக்கம் கீரை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும். இருபது நாள் அனுப்பினேன். இந்த வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை ஊரே நின்று பார்த்தது.

இருபத்தோராம் நாள் அவரே கூப்பிட்டார். பணம்தான் வருகிறது என்று பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். குரல் கம்மியிருந்தது. என்ன ஏது என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நீங்க அனுப்பின வீடியோவப் பாத்துப் பாத்து எங்க வீட்ல எல்லாருக்கும் அது மேல பாசம் வந்துடுச்சு ஐயா. இனிமே அத அறுக்க மனசு வராது, நீங்களே நல்லாப் பாத்துக்கங்க."

தண்ணீர் எடை

மூன்றாவது ஆள் மதுரை. நேரில் வந்த முதல் ஆள் என்பதால் பாக்கியம் காபி போட்டுக் கொடுத்தாள். காலை ஏழு மணிக்கு, ஆடு இரை எடுக்கும் முன்னால் வந்து நின்றார். கையில் சொந்தத் தொங்கு தராசு. நான் குரூப்பில் போட்டிருந்தது நாற்பத்தாறு கிலோ. அவர் தராசில் நாற்பத்திரண்டரை நின்றது.

மறைத்து என்ன ஆகப்போகிறது? எடை பார்க்கிற அன்றைக்குத் தவிட்டில் உப்பு கலந்து வைத்து, குடம் தண்ணீர் காட்டியிருந்தேன். ஆட்டு வியாபாரத்தில் யார் செய்யவில்லை? சந்தையில் வாங்குகிறவர்கள் அதற்கென்று மூன்று கிலோ மனதில் கழித்துக்கொண்டுதான் விரலையே பிடிப்பார்கள். இவர் கழிக்கிற ஆள் இல்லை. சரி, நாற்பத்திரண்டரைக்கே விலையைக் குறைத்துப் போடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். கிடாய் கழுத்தில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பாக்கியம் காது கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்:

"ஆட்டுக்குத்தான்யா நான் ஏலம் கேட்டேன், தண்ணிக்கும் சேத்தா கேட்டேன்?"

அட்மின் நியாயம்

நாலாவதைக் கேட்டவன் பெயருக்குப் பதில் ஒரு சிங்கம் படம் வைத்திருந்தான். முப்பதாயிரத்துக்கு ஏற்றினான். ஜெயித்த அன்றே என் நம்பரைத் தடுத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனேன். அட்மின் கடையில் நின்று, இவனை நீக்கு என்றேன். என் முன்னாலேயே நீக்கினார். அடுத்த ஞாயிறு ஐந்தாவது கிடாயைப் புலி படம் வைத்தவன் ஒருவன் ஜெயித்தான். எழுதுகிற தினுசு அப்படியே சிங்கம். புலியும் என் நம்பரைத் தடுத்தது.

மறுபடி பஸ். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஏலம் நடத்துகிறாயா, மிருகக்காட்சி நடத்துகிறாயா என்று கத்தினேன். முன்பணம் கட்டினவனை மட்டும் கேட்கவிடு என்றேன். அட்மின் ஒருவருடைய போனில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்து, குமிழியை எல்லாம் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, அந்த மாதிரி ஆளுவள எல்லாம் எடுத்துட்டா, குரூப்புல வெல ஏத்தி வுடறதுக்கு ஆளு வேண்டாமா?"

வாசலுக்கு வந்த தரகர்

அந்த வாரமே ஒரு தரகர் பைக்கில் வந்து இறங்கினார். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். தொழுவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஏலத்தில் விழுந்தும் போகாமல் நின்ற ஐந்துக்கும் ஒன்று பதினெட்டாயிரம் என்று விலை சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் படவில்லை. ஏலத்தில் முப்பதாயிரத்துக்கு விழுந்த கிடாய் என்றேன். தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்றேன். கேட்டது அவருடைய மச்சினன்தானாம், இரண்டு போன் வைத்திருக்கிறானாம். மச்சினன் ஏற்றி நிறுத்திவிடுவது, வாங்குகிறவர்கள் எல்லாம் வேறு பக்கம் போனதும் இவர் வந்து கறி விலை சொல்வது. இதைத் திருட்டுத்தனம் என்ற நினைப்பே இல்லாமல், மழை பெய்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

போலீசுக்குப் போவேன் என்றேன். போங்க என்றார். வெற்றிலையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார்.

"ஏலத்துல எவன் செயிச்சா என்ன அண்ணாச்சி, ஆடு ஒங்க தொழுவுலதான நிக்கு. பெருநா கழிச்சு வாரேன்."

காசோடு வந்தவர்

ஆறாவதைக் கேட்டது கோவில்பட்டியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர். இரண்டு நாள் பணம் இல்லை, போனும் இல்லை. ஐந்து பேரிடம் பட்டது அத்தனையும் சேர்ந்து, மூன்றாம் நாள் குரூப்பில் குரல் பதிவு போட்டேன். என்ன ஏசினேன் என்று இங்கே எழுத முடியாது. பாக்கியம் போனைப் பிடுங்கப் பார்த்தாள். அன்று மத்தியானமே பாய் லோடு ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றார். மடியில் முழுப்பணம். பல்லும் கொம்பும் பார்க்காமல் பணம் அனுப்புவது தங்களுக்கு வழக்கம் இல்லை, கடையை விட்டு வர இன்றைக்குத்தான் ஆள் கிடைத்தது என்றார். நான் ஏசினதைக் கேட்டாரா என்று கேட்டேன். வழி நெடுகக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்றார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவருக்கு மட்டுமில்லை, தெருவில் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து நாலு கிடாய் வேண்டுமாம். எல்லாம் நான் சொல்கிற விலைக்கே. பாக்கியம் கழுத்தைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். பாய் தொழுவத்துக்குள் போய் ஒவ்வொன்றாகப் பல் பார்த்தார், கொம்பு பார்த்தார். வலது காதைப் பிடித்துப் பார்த்ததும் நின்றுவிட்டார். இதுவரை உங்களிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் விழுந்த அன்றே அந்தக் கிடாயின் காதில் கத்தரியால் ஒரு துண்டு எடுத்துவிடுவேன். எங்கள் பக்கம் ஆடு மாறாமல் இருக்கக் காது வெட்டுவது உண்டு. ஒருவருக்கென்று விழுந்ததைத் தப்பி இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்கிற யோக்கியம். ஐந்துக்கும் வெட்டினேன். ஆறாவதுக்கு வெட்டவில்லை, அதற்குள் எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

குர்பானிக்குக் கொடுக்கிற கிடாய்க்குக் குறை இருக்கக் கூடாது, காது முழுசாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றார் பாய். அந்தப் பண்டிகைக்கென்றே வருஷம் முழுக்க வளர்த்தவன் நான். ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்கவில்லை. ஆறாவதுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கிடாயை ஏற்றிவிட்டு, மற்ற ஐந்தையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"ஏமாத்துனவன் காதெல்லாம் முழுசாத்தான் இருக்கு அண்ணாச்சி, நீங்க ஆட்டுக் காதைல்லா வெட்டி வச்சிருக்கீய."

கெடு நாள்

பெருநாளுக்கு மறுநாள் தரகர் சொன்னபடி வந்தார். இந்த உலகத்தில் சொன்னபடி வருகிறவர்களில் அவரும் ஒருவர். முன்னே சொன்னதில் ஆயிரம் குறைத்தார். ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போனார். வருஷம் முழுக்க ஏறின தீவனக் கடைப் பாக்கியைக் கொடுத்தது போக, மிச்சத்தை எடுத்துக்கொண்டு நானும் பாக்கியமும் வங்கிக்குப் போனோம். சங்கிலியைத் திருப்பக் காணாது. வட்டியைக் கட்டி, அசலில் கொஞ்சம் குறைத்து, இன்னொரு வருஷத்துக்கு மாற்றி வைத்தோம். சங்கிலியை உறையில் இருந்து எடுத்து எடை போட்டார்கள். பாக்கியம் எட்டிப் பார்த்தாள். தொடவிடவில்லை. திரும்ப உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

கையெழுத்துப் போடும்போது பாக்கியம் அங்கே உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம் கேட்டாள்: "ஏம்மா, நீங்க நகைய ஏலம் வுடுதீங்களே, அத கேக்கவியளாவது ஒழுங்கா ரூவாயக் கட்டுதாவளா?" பாக்கியம் எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல், அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னது:

"டெபாசிட் கட்டாம உள்ளேயே விட மாட்டோம்மா, கேட்டுட்டு எடுக்கலைன்னா அந்தக் காசு அவங்களுக்குத் திரும்ப வராது."

ஆக, பணத்தை முன்னால் கட்டிவிட்டு யோக்கியமாகக் கேட்கிற ஏலமும் நாட்டில் நடக்கத்தான் செய்கிறது. என்ன, அங்கே பொருள் மட்டும்தான் என்னுடையது, விற்கிறவன் நான் இல்லை.