அத்தை கொண்டுவந்த வெள்ளித் தாம்பாளம்

பேத்தி ஏதோ இயற்கை ஷாம்பு என்று ஒரு புட்டி வாங்கி வந்திருக்கிறாள். திறந்து முகர்ந்தால் பூந்திக்கொட்டை வாசம். அவளுக்கு அது கூந்தல் சமாச்சாரம். எனக்கோ வெள்ளி சமாச்சாரம்.

எழுபதுகளில் சாலை பஜாரில் ஒரு முலாம் கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளி தேய்ந்து பித்தளை தெரியும் பாத்திரங்களைக் கம்பியில் கட்டி வெள்ளிக் கரைசலில் தொங்கவிடுவார்கள். வெளியே வரும்போது சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

தொழிலே முலாம் என்றாலும் அந்தச் சொல்லைக் கடைக்குள் உச்சரிக்கக்கூடாது. போர்டில்கூடக் கிடையாது. "வாறவுக வெள்ளிக்குப் பாலீஷ்னு சொன்னா நீரும் பாலீஷ்னே எழுதும். மேக்கொண்டு ஒரு வார்த்தை பேசப்படாது வே" என்பார் திருநெல்வேலிக்கார முதலாளி. காரில் வந்து இறங்குவார்கள். பாதி பித்தளை பல்லை இளிக்கும் கூஜாவை நீட்டி, "பழய தறவாட்டு வெள்ளியாக்கும், கேட்டோ" என்று மலையாளத்தில் பரம்பரைப் பெருமை பேசுவார்கள். நான் பயபக்தியுடன் வாங்கிக்கொள்வேன். நகரத்தின் பாதி கௌரவம் என் மேஜையைத் தாண்டித்தான் போயிற்று என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கர்வப்பட என்ன இருக்கிறது! அக்கா கல்யாணத்துக்கு, மணக்காட்டு மாப்பிள்ளை வீட்டில் வெள்ளித் தாம்பாளம் ஒன்று கேட்டார்கள். அப்பாவால் முடியவில்லை. பித்தளைத் தாம்பாளத்துக்கு எங்கள் கடையிலேயே முலாம் போட்டுச் சீர்வரிசையில் வைத்தோம். யோசனை என்னுடையது. அக்கா அழுதுகொண்டே சம்மதித்தாள்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள் அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை, துணிப்பையோடு கடைக்கு வந்தார். தாம்பாளத்தை மேஜையில் வைத்தார். விளிம்பெல்லாம் மஞ்சள்.

"வெள்ளிக்கு ஒரு பாலீஷ் போடணும் மக்கா."

எத்தனையோ பேருக்குத் தலையாட்டிய எனக்கு அன்று தலையாட்ட வரவில்லை. "அத்தே, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் செஞ்சது. அவள வீட்டுக்கு அனுப்பிராதீங்க" என்று உளறிவிட்டேன். பின்னாலிருந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் பாலீஷ்னுதானே சொன்னேன்? நீ என்னத்துக்குக் கெடந்து பதறுக?" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்தன்னைக்குக் கையில தூக்குனப்பவே எனக்குத் தெரியும். இப்பம் எம் மகளுவ பாத்தா உங்கக்காவச் சும்மா விடமாட்டாளுவ. கனமாப் போட்டுத் தா. அவகிட்ட மூச்சு விடப்படாது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ பின்ன எம் மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டா."

மறுவாரம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் விவரம் தெரியாமல் பாலீஷுக்குக் கொண்டுவர, தம்பி ரகசியமாக முலாம் போட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்துவிட்டாள். "நல்லா சமாளிச்சுட்டலே" என்றாள். வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அத்தை அதன்பின் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பையோடு வந்துகொண்டிருந்தார்.

கடை இருந்த இடத்தில் இன்று மொபைல் விற்கிறார்கள். முதலாளி இல்லை. அத்தையும் போய்விட்டார். தாம்பாளம் மஞ்சளாகிவிட்டது, கேட்க ஆளில்லை. போன மாதம் அக்கா அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாவம்லே அத்தை. கடைசி வரைக்கும் வெள்ளின்னே நம்பிட்டுப் போயிட்டா. ஒண்ணும் தெரியாத மனுஷி."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"ஆமாக்கா" என்றேன்.